38 நிமிடத்தில் வந்து சேரும் சோறு

வேலை கிடைத்து வெளிநாட்டிலிருந்து ஷாங்காயில் குடியேறுகிறவர்கள் முதல் சில வாரங்களில் வியக்கும் விஷயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பணப்பையைத் தொட வேண்டிய வேலையே இல்லை. தெருமுனையில் காலையில் ஜியென்பிங் என்ற தோசை போன்ற பலகாரத்தைச் சுட்டுத் தரும் அம்மாள்கூடத் தள்ளுவண்டியில் க்யூஆர் அட்டை தொங்கவிட்டிருக்கிறார். 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் மெட்ரோவில் நகரின் எந்த மூலைக்கும் போய்விடலாம். எல்லாவற்றையும் மிஞ்சுவது சாப்பாடு. கைப்பேசியில் நாலு இடத்தில் தொட்டால் போதும்; அரை மணி, முக்கால் மணியில் வாசலில் ஆள் நிற்கிறார். நூடுல்ஸின் சூடுகூட ஆறியிருக்காது.

அந்தச் சூட்டுக்கு யார் விலை கொடுக்கிறார்?

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஹாங்சோ. 2024 ஆகஸ்ட் 12 அன்று அங்கே ஒரு கட்டட வளாகத்தில், உணவு கொண்டுவந்த இளம் ஊழியர் ஒருவர் அவசரத்தில் வேலியைத் தாண்டினார். கம்பி சாய்ந்தது. காவலாளிகள் மடக்கி 200 யுவான் இழப்பீடு கேட்டார்கள். கையில் இருந்த மற்ற ஆர்டர்கள் தாமதமாகுமே என்ற பதற்றத்தில் அவர் காவலாளியின் முன் மண்டியிட்டார். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. அதே வளாகத்தின் முன் டெலிவரி ஊழியர்கள் திரண்டு நியாயம் கேட்டார்கள்.

காவலாளியைத் திட்டுவது எளிது. அவரும் கூலிக்கு நிற்பவர்தான். நேரம் தவறிவிடுமோ என்ற பயத்தில் ஒரு மனிதனை மண்டியிட வைக்கும் ஏற்பாடு அநீதியானது. காசு கொடுத்துவிட்டோம் என்பதாலேயே அந்த அநீதியில் சாப்பிடுகிறவருக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை 2020 செப்டம்பரில் 'ரென்வூ' என்ற சீனப் பத்திரிகை நீண்ட கட்டுரையாக வெளியிட்டது. மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு 2016-இல் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். 2017-இல் அது 45 நிமிடமானது, 2018-இல் 38. அன்றைய நிலையை அக்கட்டுரை இப்படிச் சொன்னது: நேரத்துக்குள் சேர வேண்டும் என்று ஒருவர் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுகிறார், சிவப்பு விளக்கைத் தாண்டுகிறார். அவர் சீக்கிரம் சேர்ந்ததை மட்டும் கணினி பதிந்துகொள்கிறது. அடுத்து வருகிறவருக்கு அதுவே அளவுகோலாகிறது. உயிரைப் பணயம் வைத்து ஒருவர் மிச்சம் பிடித்த நிமிடம், மறுநாள் எல்லோருடைய கணக்கிலிருந்தும் கழிக்கப்படுகிறது. 2017-இன் முதல் பாதியில் ஷாங்காயில் சராசரியாக இரண்டரை நாளுக்கு ஒரு டெலிவரி ஊழியர் விபத்தில் காயமடைந்தார் அல்லது இறந்தார் என்பது அந்நகரப் போக்குவரத்துக் காவல்துறையின் கணக்கு.

நண்பகலில் பழைய குடியிருப்பு ஒன்றின் வாசலில் கொஞ்சம் நின்றால் போதும். லிஃப்ட் இல்லாத ஆறு மாடிக் கட்டடம். மஞ்சள் சட்டை போட்ட டெலிவரி ஊழியர் மின்வண்டியை நிறுத்துகிறார். தலைக்கவசத்தைக் கழற்ற நேரமில்லை. இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். கைப்பேசி அடுத்த ஆர்டரை உரக்கச் சொல்கிறது. மேலே கதவுப் பிடியில் பையை மாட்டிவிட்டு, சாட்சிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்குகிறார். உள்ளே இருப்பவர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. திரையில் வரைபடத்தின் மேல் ஊர்ந்த சின்னத்தை மட்டும் பார்த்தார்.

இந்தப் பார்க்காமையைப் பற்றி அந்த மண்ணிலேயே பழைய பாடம் உண்டு. பலிக்கு இழுத்துச் செல்லப்பட்ட மாடு நடுங்குவதைக் கண்ட சீ நாட்டு மன்னர் சுவான், அதை விட்டுவிட்டு ஓர் ஆட்டைக் கொண்டுபோகச் சொன்னார். மாட்டை நேரில் பார்த்தார், ஆட்டைப் பார்க்கவில்லை, அதுதான் காரணம் என்று தத்துவஞானி மென்சியஸ் அவருக்கு எடுத்துச் சொன்னார். கண்ணில் பட்டதன்மேல் பிறக்கும் இரக்கம், படாததற்கும் நீண்டால்தான் அது அறம் என்பது அவர் வாதம். கன்ஃபூசியஸ் தன் குதிரை லாயம் எரிந்தபோது, ஆட்களுக்கு ஏதாவது நேர்ந்ததா என்று மட்டும் கேட்டார். குதிரைகளைப் பற்றிக் கேட்கவில்லை. இன்றைக்கு உணவு தாமதமானால் எழும் முதல் கேள்வி சூப் சிந்திவிட்டதா என்பது. வள்ளுவரும் இன்னா செய்யாமையில் இதே இடத்துக்குத்தான் வருகிறார்: பிறர் வலியைத் தன் வலியாக உணராத அறிவால் பயனில்லை. நொடிக் கணக்கில் பாதை வகுக்கும் அறிவுக்கு ஆறு மாடிப் படியின் மூச்சிரைப்பு தெரியாவிட்டால் அதுவும் பயனற்ற அறிவுதான்.

டெலிவரி வேலையால் பிழைப்போர் பலர் என்பது உண்மை. 2023-இல் மெய்துவான் என்ற உணவு டெலிவரி நிறுவனம் வழியாக மட்டும் ஏறத்தாழ 74.5 லட்சம் பேர் வருமானம் பெற்றதாக அந்நிறுவனம் சொல்கிறது. ஆர்டர் குறைந்தால் அவர்கள் வீட்டில்தான் அடுப்பு அணையும். ஆனால் வேலை கொடுப்பது வேறு, விரட்டுவது வேறு. 2021-இல் பெய்ஜிங் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் ஒருநாள் டெலிவரிக்குப் போய்ப் பார்த்தார். 12 மணி நேரத்தில் அவருக்குக் கிடைத்தது 41 யுவான்.

'ரென்வூ' கட்டுரை வந்ததுமே, 'பசிக்கிறதா?' என்று பொருள்படும் பெயர்கொண்ட எலமெ என்ற உணவு டெலிவரி நிறுவனம், இன்னும் ஐந்து அல்லது பத்து நிமிடம் காத்திருக்கச் சம்மதம் என்று வாடிக்கையாளர் தெரிவிக்க ஒரு பொத்தான் தருவதாக அறிவித்தது. கம்பெனி தன் பொறுப்பை நம் தலையில் கட்டுகிறது என்று மக்கள் கொதித்தார்கள். கொதித்தது சரி. நேரத்தைக் குறைத்தது நிறுவனம். அதைக் கூட்டித் தர வேண்டியதும் நிறுவனமே. ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க மறுப்பதற்கு அது காரணமாகாது. ஒரு பசி பத்து நிமிடம் பொறுக்கும்; லாரிச் சக்கரம் பொறுக்காது.

2025 மார்ச் முதல் ஜேடி நிறுவனம் தன் முழுநேர டெலிவரி ஊழியர்களுக்குச் சமூகக் காப்பீடு கட்டத் தொடங்கியது. மெய்துவானும் காப்பீடு தருவதாக அறிவித்தது. காப்பீடு விபத்துக்குப் பின் கைகொடுக்கும். விபத்துக்கு முன் கொடுக்க வேண்டியது நேரம்.

ஜூன் மாதம் ஷாங்காயில் பிளம் மழைக்காலம். தெருவெல்லாம் நீர் தேங்கி, வண்டிகள் வழுக்கும். அந்த நாட்களில் ஆர்டர் செய்கிறவர்கள் தாமதத்துக்காக நட்சத்திரத்தைக் குறைக்க வேண்டாம். ஆறாம் மாடியில் இருப்பவர் குடையோடு கீழே இறங்கி வந்து, வாசலிலேயே பையை வாங்கிக்கொள்ளட்டும்.