மோர் யாருடையது?

என் தம்பி துபாயில் இருக்கிறான். போய் எட்டு வருசமாகிறது. ஏசி டக்ட் மாட்டுகிற வேலை. போன ஆடியில் காய்ச்சல் கண்டு மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். போனில் அம்மாவிடம் சொன்னது இதுதான்: "கம்மஞ்சோத்தக் கரைச்சு, புளிச்ச மோரு ஊத்திக் குடுப்பியேம்மா, அது ஒரு போசி கெடச்சாப் போதும், எந்திரிச்சு வேலைக்குப் போயிருவேன்."

அம்மா பதில் பேசவில்லை. "செரி சாமி, மாத்தரையத் தின்னுட்டுப் படு" என்று வைத்துவிட்டாள். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "அந்த மோரு நம்முளுதா? தோட்டத்துல ஊத்துனது. அவனுக்குத் தெரியாது. நீயும் சொல்லிப்போடாத" என்றாள்.

சொல்லலாமா, கூடாதா என்பதுதான் என் கேள்வி. வெளிநாட்டில் தனியாகக் கிடப்பவன் ஒரு ருசியை நினைத்து ஆறுதல் அடைகிறான். அந்த ருசி எங்கிருந்து வந்தது என்று அவனிடம் சொல்வது நியாயமா? சொல்லாமல் விடுவது நியாயமா? இது எங்கள் வீட்டு விவகாரம் மட்டும் இல்லை என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு நிலம் கிடையாது, மாடு கிடையாது. பல்லடம் பக்கம் ஒரு வளவில் ஓட்டுச்சாளை ஒன்று. அம்மா வெள்ளெனே எழுந்து தோட்டத்துக்குப் போய்க் கட்டுத்தரை கூட்டி, சாணி வழித்துப் போட்டுவிட்டு வரும்போது கையில் போசி இருக்கும். முந்தின நாள் ஆக்கின கம்மஞ்சோறு, அதற்கு மேலே மோர். சில நாள் கொள்ளுரசம். வீட்டுக்கு வந்ததும் எங்கள் சட்டியில் மாற்றி, கையை விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தை நறுக்கி, பச்சை மிளகாயைக் கிள்ளிப் போடுவாள். அப்போதுதான் தம்பி எழுந்து பல்லுக்கூட விளக்காமல் வந்து உட்காருவான். அவனைப் பொறுத்தவரை அது அம்மா ஆக்கினது. சட்டி எங்கள் சட்டி, கை அம்மாவின் கை.

நான் அவனைவிட நான்கு வயது மூத்தவள். தோட்டத்துக்கு அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு போனவள். பின்வாசலுக்கு அப்பால் அம்மா போசியைத் தரையில் வைத்துவிட்டு நான்கு எட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பாள். பண்ணயக்காரிச்சி வந்து, நின்றபடியே, செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். செம்பு போசியில் பட்டுவிடக் கூடாது அல்லவா. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் மோர் தெறிக்கும். கொஞ்சம் போசிக்குள், கொஞ்சம் மண்ணில், கொஞ்சம் என் காலில். "போதுமுங் சாமி" என்பாள் அம்மா. (பெத்த மகனையும் எங்கள் அம்மா சாமி என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரே சொல்தான். இதைத் தமிழில் எம்.ஏ. படித்தும் எனக்கு விளக்கத் தெரியவில்லை.)

நான் இன்றுவரை மோர் குடிப்பதில்லை. கல்யாண வீட்டில் இலையில் ஊற்றினால்கூடக் கை தானாக மறைக்கும். ஒரே போசி, ஒரே மோர். அவனுக்கு அது காய்ச்சலுக்கு மருந்து, எனக்குக் குமட்டல்.

'வீட்டுச் சாப்பாடு' என்ற சொல்லை வெளிநாட்டுத் தமிழர்கள் எவ்வளவு உருகிச் சொல்கிறார்கள்! போன இடத்திலெல்லாம் சங்கம் வைத்துப் பொங்கலுக்குப் பொங்கல் கூடிச் சாப்பிடுகிறார்கள். அதில் கொங்கு நாட்டுச் சமையல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: அரிசிம்பருப்பு, கொள்ளுப் பருப்பு, சந்தகை, ஒப்புட்டு, கச்சாயம், பள்ளிபாளையம் சிக்கன். நல்ல சாப்பாடுதான், நானும் விரும்பித் தின்பேன். ஆனால் இது யாருடைய வீட்டின் சாப்பாடு? எங்கள் வளவில் அரிசி நோம்பிக்கும் காய்ச்சலுக்கும்தான். ஒப்புட்டு நோம்பிக்கு மறுநாள் தோட்டத்திலிருந்து ஆறிப்போய் வரும். இப்போது கம்பும் சோளமும்கூட 'சிறுதானியம்' என்று பேர் மாற்றிக்கொண்டு உயர்ந்த இடத்துக்குப் போய்விட்டன. 2023-ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. கோயமுத்தூர் இயற்கை அங்காடிகளில் கம்பு அழகழகான பொட்டலத்தில் வருகிறது. எங்கள் வீட்டில் சிலுவர்க் குண்டாவில் கிடந்தபோது அதற்கு இந்த மரியாதை இல்லை.

அந்தப் பட்டியலில் ஒருபோதும் ஏறாதது ஒன்று உண்டு. மாட்டுக்கறியை நீளநீளமாக அறிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயப்போட்ட உப்புக்கண்டம். காக்காய் விரட்ட எங்களை உட்கார வைப்பார்கள். நாங்கள் காக்காய்க்கு மேல். மழைக்காலத்தில் அதைச் சுட்டுத் தட்டிப்போட்டு வைக்கும் குழம்பு வாசம் வந்தால் வளவே அன்றைக்குச் சிரித்துப் பேசும். இது எங்கள் வீட்டுச் சாப்பாடு. இதில் தோட்டத்துக் கை எதுவும் இல்லை. உக்கடத்தில் எங்கள் கூலிக் காசைக் கொடுத்து வாங்கிய கறி. ஆனால் தம்பி துபாயில் காய்ச்சலில் கிடந்து கேட்டது இதை அல்ல, மோரை!

ஏன் என்று பிறகு தெரிந்தது. அவன் அறையில் ஆறு பேர். எல்லாரும் நம் மேற்கு மாவட்டத்துக்காரர்கள். மெஸ் வைத்து முறைபோட்டுச் சமைத்தார்கள். முதல் மாசம் இவனும் ஆக்கினான், நன்றாக இருந்தது என்று தின்றார்கள். பிறகு எவனோ ஊரில் விசாரித்திருக்கிறான், எந்த வளவு என்று. அடுத்த வாரம், "நீ வேலைக்குப் போயிட்டுக் களைச்சு வார, பாத்தரம் மட்டும் கழுவிப் போடு, சமையல நாங்க பாத்துக்கறோம்" என்று அன்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊரில் மாட்டுக்கறிக்குப் பஞ்சமே இல்லை. உலகிலேயே எருமைக்கறியை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று நம் நாடு, வாங்குகிற நாடுகளில் வளைகுடா நாடுகளும் உண்டு. கறி கப்பலேறிப் போய்க் கடைக் குளிர்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. அறைக்குள் கொண்டுவரத்தான் முடியாது. "இது சாமி படம் வெச்ச ரூமு" என்கிறார்கள். அதனால் தம்பி மலையாளி கடையில் பரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு அறைக்கு வருகிறான். அறைக்குள் வாய்விட்டுச் சொல்ல முடிந்த ஊர் ஏக்கம் கம்மஞ்சோறும் மோரும்தான். அதை அந்த ஐந்து பேரும் ஒத்துக்கொள்வார்கள், "எங்க ஊட்லயும் அப்படித்தான்" என்பார்கள். ஏக்கத்திலும் தீட்டு இருக்கிறது தோழர்களே.

சோறு எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். தோட்டத்திலிருந்து வளவுக்கு வரலாம். நேற்றைய சோறாக, உயரத்திலிருந்து ஊற்றும் மோராக வரலாம். வளவிலிருந்து தோட்டத்துக்குப் போகக்கூடாது. 2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் ஒரு அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டதை எல்லாரும் பத்திரிகையில் படித்தோம். அவர் ஆக்கியது அரசாங்க அரிசி, அரசாங்கப் பருப்பு. கை மட்டும்தான் அவருடையது. 2025 ஜனவரியில் கோயமுத்தூர் கணபதி பக்கம் உடையாம்பாளையத்தில் மாட்டுக்கறி பிரியாணி விற்ற தம்பதியரைக் கடை போடக்கூடாது என்று ஒரு கட்சிக்காரர் மிரட்டியதும், போலீஸ் வழக்குப் போட்டதும் நடந்தது. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வண்டி வண்டியாக மாடு கேரளாவுக்குப் போகிற பூமியில்தான் இதுவும் நடக்கிறது. விற்கிற கைக்குத் தீட்டில்லை, வேகவைக்கிற கைக்குத்தான்.

இனி மோருக்கு வருகிறேன். 1927 மார்ச்சில் மகாடில் கூடிய மக்களிடம் அம்பேத்கர் கேட்டுக்கொண்டவற்றில் இரண்டு: செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள், வீசியெறியும் மிச்சத்தை வாங்கித் தின்பதை விடுங்கள். எங்கள் தாத்தா மகாடைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவருடைய அப்பன் கவலை இறைக்கத் தோல் சால் தைத்தவர். செத்த மாட்டை இழுத்துப் போய் அறுத்தால் தோல் தொழிலுக்கு, கறி வயிற்றுக்கு. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, ஒவ்வொரு கிணறாக மோட்டார் ஏறி, கவலை போயிற்று. சாலுக்கு வேலை இல்லை, செத்த மாட்டை இழுக்கும் வேலை மட்டும் நின்றது. தாத்தாதான் ஒரு நாள் "இனி வாரதில்லீங்" என்று சொல்லி நிறுத்தினார். அதற்காகப் பட்டதையெல்லாம் அம்மா சொல்லுவாள். செத்த மாட்டை விட்டவர்கள், ஊற்றின மோரை விட முடியவில்லை. இரண்டு பிள்ளைகள் வீட்டில் வாயைத் திறந்துகொண்டு இருந்தோம், அவ்வளவுதான் காரணம்.

அமெரிக்கக் கறுப்பர்களுக்குள் இதே வழக்கு நடந்திருக்கிறது. அடிமைகளுக்கு எஜமானன் கொடுத்தது பன்றியின் குடல், கால், காது. அதை அவர்கள் கழுவி, மிளகாய் போட்டு, மணக்க மணக்க ஆக்கினார்கள். எலிஜா முகமது 1967-இல் வெளியிட்ட உணவுநூலில் அந்தச் சாப்பாட்டை அடிமைச் சாப்பாடு என்று தள்ளினார். பன்றிக்கறி மட்டுமல்ல, அவர்கள் காலகாலமாகத் தின்ற கீரையையும் காராமணியையும்கூட விடச் சொன்னார். அதற்கு முன்பே, அப்போது லீராய் ஜோன்ஸ் என்ற பெயரில் எழுதிய அமிரி பராகா, கறுப்பர்களுக்கென்று ஒரு சமையல் கிடையாது என்று சொன்ன ஆளுக்குப் பதிலாக, தங்கள் சாப்பாட்டை வகைவகையாக வரிசைப்படுத்திக் காட்டினார். ஒருவர் கொடுத்த கையைப் பார்த்தார், மற்றவர் ஆக்கின கையைப் பார்த்தார். நான் எலிஜா பக்கம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மோரைத் தொடாதவள் அல்லவா.

அம்பேத்கரே லண்டனில் படித்த நாட்களில் இரவுப் பசிக்கு அப்பளம் சுட்டுத் தின்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. காசில்லை, நூலகத்திலிருந்து திரும்பி வந்தால் பசி. ஊரிலிருந்து போன அப்பளம். அவரைத் தண்ணீர் தொடவிடாத ஊரிலிருந்து போன அப்பளம் என்று வாசிக்கும்போது எனக்குத் தோன்றும். ஐந்தாண்டு வெளிநாட்டு வாழ்க்கையில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே போய்விட்டிருந்ததாக அவர் பிற்பாடு எழுதினார். திரும்பி வந்து பரோடாவில் இறங்கியபோது தங்க ஓரிடம் கிடைக்கவில்லை. அதற்குப் பிந்தைய அந்த லண்டன் இரவுகளில் அப்பளம் என்ன ருசித்திருக்கும்!

தம்பிக்கு அந்த மறதியும் கொடுத்து வைக்கவில்லை. பாத்திரம் கழுவ வைத்து நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன். அறையில் அவனை ஒதுக்குவதற்கும், அவன் ஏங்குகிற மோருக்கும் நடுவில் ஒரு கயிறு ஓடுகிறது. அது தெரியாமல் அவன் ஏங்குவது என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் பேச்சை மீறிச் சொன்னேன். செம்பு, உயரம், என் காலில் தெறித்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"காச்சல்ல கெடந்து எந்திரிச்சவன்கிட்டச் சொல்ற பேச்சாக்கா இது?" என்று வைத்துவிட்டான். ஒரு மாசம் எனக்குப் போன் இல்லை. அம்மாவும் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் வேறு. மகன் நெஞ்சில் தன்னைப் பற்றி இருந்த ஒரு நல்ல நினைப்பைப் போய்ப் பிடுங்கிவிட்டாயே என்பது. பசி தெரியாமல் வளர்த்தேன் என்பது அவள் வாழ்நாள் பெருமை. அதில் நான் கை வைத்தேன். இது சரிதானா என்று இப்போதும் எனக்கு உறுத்தல் உண்டு. உண்மையைச் சொல்லும் உரிமை, அந்த உண்மையைச் சுமந்தவளுக்கா, நின்று பார்த்தவளுக்கா?

ஒரு மாசம் கழித்து அவனே கூப்பிட்டான். நலம்கூட விசாரிக்கவில்லை.

"வெங்காயம் அறிஞ்சு போட்டது ஆரு?"

"அம்மாதான்."

"உப்புப் போட்டுக் கரைச்சது?"

"அம்மாதான்டா."

"அப்பறம் என்ன?"

பராகாவைப் படிக்காமலே பராகா சொன்னதைச் சொல்கிறான். பாதி நியாயம் இருக்கிறது. சோற்றைச் சோறாக்கியது அவள் கைதான், அந்த ருசிக்கு வேறு எவரும் பாத்தியதை கொண்டாட முடியாது. ஆனால் அந்த "அப்பறம் என்ன"வை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு வெங்காயம் போட்டாலும் அந்தச் செம்பின் உயரம் குறையாது. அவனிடமும் அப்படித்தான் சொன்னேன். "நீ பாத்த, அதனால உனக்கு ஒசரம் தெரியுது. நான் தின்னேன்" என்றான். இன்னும் சண்டை தீரவில்லை. ஒன்று மட்டும் நடந்தது. அவன் அந்த அறையைக் காலி செய்துவிட்டு, மலையாளிகளும் நேபாளிகளும் இருக்கிற அறைக்கு மாறிவிட்டான். அங்கே சமையல் முறை அவனுக்கும் உண்டு.

தைக்கு வருகிறான். கோயமுத்தூரிலிருந்து ஷார்ஜாவுக்கு நேராகவே விமானம் இருப்பதால், திரும்பிப் போகும்போது உப்புக்கண்டம் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. "ஏர்போட்டுல நாயி மோந்து பாக்குமாமே?" என்று கவலைப்படுகிறாள். உக்கடத்துக்குப் போய் மூன்று கிலோ வாங்கி வந்தோம். அறிந்து, தடவி, கயிற்றில் கோத்துக் கட்டிய பிறகு மத்தியானம் ஆகிவிட்டது. ஆவின் தயிரைக் கடைந்து கம்மஞ்சோற்றில் ஊற்றி, எனக்கும் ஒரு வட்டலில் வைத்தாள்.

"இது நம்ம காசு. ஒரு வாயி குடிச்சுப் பாரு."

நான் பக்கத்தில் இருந்த வெங்காயத்தை மட்டும் எடுத்துக் கடித்துக்கொண்டு, காக்காய் விரட்டப் போய் உட்கார்ந்தேன்.