“நீ கேட்கலையே தம்பி!”

ஆயர் ஈத்தாம் வழியாகப் போனவர்களுக்குச் சாலையோர மண்பாண்டக் கடைகளைத் தெரியாமல் இருக்காது. பூந்தொட்டி, ஜாடி, உண்டியல் என்று வாசல்வரை அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கே என் அம்மா ஒரு சின்ன ஜாடி வாங்கினாலும், விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். ‘ணங்’ என்று கேட்டால் நல்ல ஜாடி. சத்தம் அமுங்கி விழுந்தால் உள்ளே கீறல். கடைக்காரரும் கோபப்பட மாட்டார்.

நண்பர்களே, பத்து வெள்ளி ஜாடிக்கு இவ்வளவு பார்க்கிற நாம், மாற்றங்கள் செய்த செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது எதைத் தட்டிப் பார்க்கிறோம்? பெரும்பாலும் எக்ஸாஸ்ட் சத்தத்தை மட்டும்தான்!

வாங்குகிறவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஏன்னா, இந்தக் கதையில் விற்றவன் நான்.

என்னிடம் ஒரு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ இருந்தது. நம்ம நாட்டுக் கார். பின்னால் லோட்டஸ் பெயர் போட்டிருக்கும். கம்பெனியிலிருந்து வரும்போது டர்போ கிடையாது. அதில் நான் ஹாஃப்கட் டர்போ இன்ஜினை ஏற்றினேன். ஜப்பானில் கழித்துவிட்ட காரைக் குறுக்கே வெட்டி, முன்பாதியை இன்ஜினோடு கப்பலில் அனுப்புவார்களே, அதுதான் ஹாஃப்கட். இன்ஜின் மாற்றத்தை ஜேபிஜே-யில் முறையாகப் பதிவும் செய்தேன். அதுவரை எல்லாம் சரி.

அப்புறம் ஆசை வந்தது. டர்போ என்பது கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளுகிற ஒரு விசிறி. அந்த அழுத்தத்தைக் கூட்டக் கூட வேகம் ஏறும். ஆனால் காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் சேராவிட்டால், சீராக எரிய வேண்டியது உள்ளேயே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். நான் கூட்டிக்கொண்டே போனேன். ஒருநாள் சத்தம் மாறியது. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரெஷன் அளந்தார்கள். மூன்று சிலிண்டரில் அளவு சமம், நான்காவதில் பாதிதான். “இன்ஜினைத் திறக்கணும். நாலாயிரம் வெள்ளிக்குக் கொறையாது” என்றார் அந்த அண்ணன்.

திறக்கவில்லை. அழுத்தத்தைக் குறைத்தேன். புகை தெரியாமல் இருக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றினேன். விற்றுவிட முடிவு செய்தேன்.

வாங்கியவன் எங்கள் கோயிலில் பந்தல் வேலை, அன்னதான வேலை என்று எதற்கும் முன்னால் நிற்கிற பையன். இருபத்திரண்டு வயது. “அண்ணா, எப்ப வித்தாலும் எனக்குத்தான்” என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய கார், பேங்க் லோன் கிடைக்காது. அவன் அம்மா சங்கிலியை அடகு வைத்தார். பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் இன்ஜின் எண், சேஸிஸ் எண் எல்லாம் பதிவோடு ஒத்துப்போயின. பிஸ்டனைத் திறந்து பார்ப்பது அங்கே இருப்பவர்களின் வேலை இல்லை. சாவியைக் கொடுக்கும்போது, “டர்போ இருக்கு தம்பி, பாத்து ஓட்டு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி, பாகோ தாண்டி ஹைவேயில் கார் புகையோடு நின்றது. உள்ளே அவன் அம்மாவும் தங்கையும். லாரிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருக்க, இரண்டு மணி நேரம் சாலையோரம் நின்றிருக்கிறார்கள். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் அடியில்லை. மறுநாள் வந்து ஒரே கேள்விதான் கேட்டான்: “அண்ணா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

நான் சொன்ன பதில்: “நீ கேட்கலையே தம்பி.”

இந்தப் பதில் சரியா, தவறா? இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யா?

சட்டத்தை நம்பி ஆரம்பித்தேன். நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு மோசடி பற்றியது. அதில் ஒரு குதிரைக் கதை உதாரணமாக வருகிறது. 1872-இல் இந்தியாவில் எழுதப்பட்ட ஒப்பந்தச் சட்டத்திலும் இதே குதிரைதான். ஒருவர் தன் குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தும், ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறார். இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். படித்ததும் எனக்கு நிம்மதி. ‘பாத்தியா, நான் தப்பு பண்ணல!’

அடுத்த வரிகளைப் படித்திருக்கக் கூடாது. வாங்குபவர் அவருடைய சொந்த மகள், சட்டப்படி இப்போதுதான் வயது நிரம்பியவள் என்றால்? அப்போது குறையைச் சொல்வது அவர் கடமை. ஏன்? அந்த உறவுதான் காரணம். நம்புகிற இடத்தில் நிற்பவரிடம் மௌனத்துக்கு வேறு அர்த்தம். இன்னொன்றும் அதே பிரிவில் இருக்கிறது: தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைக்கும் செயல் மோசடிதான். அழுத்தத்தைக் குறைத்ததும் கெட்டி எண்ணெய் ஊற்றியதும் என்ன? என் வாய் சும்மா இருந்தது. கை சும்மா இருக்கவில்லையே!

இங்கேதான் நம் சமூகத்துக்கு ஒரு கேள்வி. நம்மில் பலர் கார் வாங்குவது ஏலத்தில் அல்ல. “நம்ம பையன்தான்”, “மச்சான் காடி”, “கோயில் அண்ணன் ஓட்டினது” என்று உறவை நம்பித்தான் வாங்குகிறோம். விற்கும்போது அந்த உறவுதான் நமக்கு விளம்பரம். அந்தப் பையன் வேறு நான்கு காரைப் பார்க்காமல் என்னிடம் வந்தது நான் அண்ணன் என்பதால். தம்பி என்று கூப்பிட்டு விற்றால், தம்பிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். விலை பேசும்போது அண்ணன், பிரச்சினை வந்தால் வியாபாரி என்று இரண்டு வேஷம் போட முடியாது.

“டர்போ இருக்குன்னு சொன்னேனே” என்று எனக்கு நானே வாதாடினேன். அப்போது தருமர் ஞாபகம் வந்தார். குருக்ஷேத்திரத்தில் துரோணரிடம் ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்பதை உரக்கச் சொல்லி, ‘யானை’ என்பதைக் காதில் விழாதபடி முணுமுணுத்தார். சொன்ன சொல் எதுவும் பொய்யில்லை. ஆனால் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நின்ற அவர் தேர், அன்றே கீழே இறங்கிவிட்டது. காரை லோ பண்ணுவது நமக்குப் பெருமை. தருமருக்கு அது தண்டனை! என் “பாத்து ஓட்டு” என்பதும் ஒரு முணுமுணுப்புதான். சத்ரியா என்ற மலாய்ச் சொல்லே க்ஷத்திரியன் என்பதிலிருந்து வந்தது என்று நினைக்கும்போது இன்னும் வெட்கமாக இருந்தது.

சிலர் கேட்பார்கள்: “மாடிஃபை பண்ண காடின்னா அடி வாங்கியிருக்கும்னு அவனுக்குத் தெரியாதா?” நியாயமான கேள்வி. வேகம் பிடித்தவர்கள் ஆபத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் தெரிந்தே ஆபத்தை ஏற்பது வேறு, தெரியாமல் ஏற்க வைப்பது வேறு. அவன் அம்மாவும் தங்கையும் எதையும் ஏற்கவில்லை. காரில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். இன்ஜின் உடைந்து எண்ணெய் சாலையில் கொட்டியிருந்தால், பின்னால் மோட்டாரில் வருகிறவர் வழுக்கி விழுந்திருப்பார். அவர் எங்கள் பேரத்தில் இல்லவே இல்லை.

அதனால் வாங்கப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் போய்ச் சேரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் அளக்கச் சொல்லுங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்களா என்று அடியில் பாருங்கள். கடைசியாக இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, நீங்க மறுக்கலைன்னா இன்ஜின் நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்.” அப்படிக் கேட்டபின் மௌனமாக இருந்தால், அது பேச்சுக்குச் சமம். இதையும் அதே குதிரையை வைத்துத்தான் சட்டம் சொல்கிறது. இது மரியாதைக் குறைவு இல்லை. ஜாடியைத் தட்டுவது போலத்தான்.

விற்கப் போகும் அண்ணன்களுக்கு: அவன் தட்டும்வரை காத்திருக்காதீர்கள். கீறல் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். செய்த மாற்றம், உடைந்தது, சரிசெய்யாதது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விலை குறையும். குறையட்டும். அந்தப் பணம் முதலிலேயே நம்முடையது இல்லை.

இன்ஜின் திறந்த செலவை மாதாமாதம் கொடுத்து அடைத்துவிட்டேன். சங்கிலியும் வீடு திரும்பிவிட்டது. அந்தப் பையன் இப்போதும் கோயிலில் என்னைப் பார்த்தால் சிரிப்பான், வணக்கம் சொல்வான். ஆனால் அண்ணா என்று கூப்பிடுவதில்லை. ‘பிரதர்’ என்கிறான்.