மரபு வாழும் இடம்

ஓர் ஊரின் மரபு அதன் கட்டடங்களில் உள்ளதா, அங்கு வாழும் மக்களிடம் உள்ளதா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பினாங்கின் ஜார்ஜ் டவுனை நோக்குதல் நன்று.

அங்கே 1801இல் தென்னிந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1818இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் ஆலயம், சீனரின் குவான் இன் கோயில் ஆகிய நான்கும் சில நிமிட நடைத்தொலைவில் அமைந்துள்ளன. பாங்கொலியும் மணியோசையும் ஊதுவத்தி மணமும் ஒரே காற்றில் கலக்கின்றன. பிறர் வழிபாட்டை மதித்தல் அங்கே ஏட்டுக் கல்வியன்று, அன்றாடப் பழக்கமாகும்.

எனினும், 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது, தலைமுறைகளாகக் குடியிருந்த எளியோர் பலர் வெளியேற நேர்ந்தது. 2008இல் மலாக்காவுடன் சேர்ந்து உலகப் பாரம்பரியத் தகுதி பெற்றபின், பழைய கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாயின. சுவர்கள் காக்கப்பட்டன; உள்ளே விளக்கேற்றியோர் அங்கில்லை.

அத்தகுதி தீதென்பதன்று. அது இன்றேல் அவ்வீடுகளுள் சில இடிந்தே போயிருக்கலாம். வீட்டுக்குரியவரும் நியாயமான வருவாயை விரும்புதல் தவறன்று. ஆயினும், அண்டை வீட்டாரின் நோயையும் பசியையும் அறிந்த தெருவே வாழத் தகுந்த தெரு. அவ்வறிவு செங்கல்லில் படிவதில்லை. நெடுநாள் உடனுறைந்த மாந்தரிடமே தங்குகிறது. ஆதலின், கூரையைச் செப்பனிடப் பொருள் ஒதுக்கும் சமுதாயம், அக்கூரையின்கீழ் எளியோர் தொடர்ந்து வாழவும் வழி செய்தல் கடமையன்றோ?