பத்தொன்பதாவது முறை

புலி வருகிறது என்று பொய்யாகக் கூவிய இடைச்சிறுவன் கதையில் குற்றவாளி யார் என்று கேட்டால், எல்லோரும் சிறுவனையே காட்டுவோம். ஊராரைக் குறை சொல்பவர் இல்லை. இரண்டு முறை ஏமாந்தவர்கள் மூன்றாம் முறை வராமல் இருந்தது இயல்புதானே என்கிறோம். இயல்பானது எல்லாம் அறமாகிவிடுமா என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்துச் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் போலண்ட் என்று ஒரு மாணவர் விடுதி உண்டு. 1999ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து சில மாதங்களுக்குள் அங்கே தீ எச்சரிக்கை மணி 18 முறை வீணாக அடித்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி, விடியற்காலை நாலரை மணி சுமாருக்கு மீண்டும் அடித்தது. கடுங்குளிர்க் காலம். இதுவும் வழக்கமான வீண் மணிதான் என்று பலர் படுக்கையை விட்டு எழவில்லை. ஆனால் அன்று மூன்றாம் தளத்துப் பொதுக்கூடத்தில் உண்மையாகவே தீ எரிந்துகொண்டிருந்தது. முதலாண்டு மாணவர் மூவர் மாண்டனர். 50 பேருக்கு மேல் காயமுற்றனர். தீ வைத்ததாக 2006இல் இருவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். அவர்களும் அங்கே படித்தவர்களே.

எழாமல் இருந்தவர்கள் மூடர்கள் அல்லர். 18 முறை பொய்த்தது மறுமுறையும் பொய்க்கும் என்று எண்ணுவது கணக்குக்குச் சரிதான். ஆனால் மணி மெய்யும் சொல்வதில்லை, பொய்யும் சொல்வதில்லை. 'எழுந்து பார்' என்று மட்டுமே அது சொல்லுகிறது. அதை நம்புவதா என்று விவாதிப்பதில் பொருள் இல்லை.

'என் தூக்கம், என் உயிர், உனக்கென்ன?' என்று ஒருவன் கேட்கலாம். இதற்கு விடையாக ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. லத்தானே, டார்லி என்னும் மனநூல் அறிஞர்கள் 1968இல் வெளியிட்டது. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, உள்ளே புகையை விட்டார்கள். தனியே இருந்த 24 பேரில் 18 பேர் வெளியே வந்து தெரிவித்தார்கள். எதையும் பொருட்படுத்தாதிருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இருவரோடு உட்கார்ந்த 10 பேரிலோ, ஒரே ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் இருமிக்கொண்டும், புகையைக் கையால் விலக்கிக்கொண்டும் தங்கள் காகிதத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்!

அசையாமல் இருப்பவன் தன்னளவில் மட்டும் இருந்துவிடவில்லை. 'ஒன்றுமில்லை' என்று பக்கத்தில் இருப்பவனுக்குச் சாட்சி சொல்லுகிறான். வேடிக்கைக்காக மணியை இழுப்பவன் கையால் சொல்லும் பொய்யை, இவன் உடம்பால் சொல்லுகிறான்.

மாணவர் விடுதிகளில் தானாக நீர் பொழியும் குழாய்களைப் பொருத்த வேண்டும் என்று நியூ ஜெர்சி அந்த ஆண்டிலேயே சட்டம் செய்தது. நல்ல சட்டம். அது தண்ணீரைப் பொழியும். அடுத்த அறைக் கதவைத் தட்டாது. அதை மனிதன்தான் செய்ய வேண்டும்.

எழுந்து போய்த் தீ இல்லை என்று கண்டு திரும்புகிறவன் ஏமாளி அல்லன். அவன் இழந்தது சிறிது நேரத் தூக்கம். அந்த ஊரிலும் மூன்றாம் முறை ஒருவன் தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருந்தால், முணுமுணுத்துக்கொண்டேனும் நாலு பேர் அவன் பின்னால் போயிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.