மழை பொய்த்து வந்தோர் அந்நியரல்லர்



உபாசகர்களே, உபாசிகைகளே! 2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியதை நீங்கள் அறிவீர்கள். அந்நாளில் நம் தொம்மலூர்த் தெருக்குழாய்க்குக் குடமேந்தி வந்த கட்டட வேலைக்காரப் பெண்ணொருத்தியை, "நீ இவ்வூராள் அல்லள்" என்று நம்மவர் ஒருவரே விலக்கினார். அவளோ, யாதகிரிச் சீமையில் மழையின்றி விதை கருகியதால் ஊரை விட்டு வந்தவள். நாம் மட்டும் எவ்வூரார்?

1876இல், தாது வருடத்தில், பருவமழை பொய்த்தது. பசிபிக் பெருங்கடல் வெப்பமடைந்ததே வறட்சி நீடித்ததற்குக் காரணம் என்பர் இக்கால அறிஞர். வறட்சிக்குக் காரணம் கடல். ஆயின் ஊரெங்கும் பிணம் விழுகையில் தானியத்தைக் கப்பலேற்றியவர் மனிதரே. மைசூர் இராச்சியத்தில் மட்டும் 1871, 1881 குடிக்கணக்குகளுக்கிடையே எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் குறைந்தனர்.

நிலமற்ற உழைப்பாளிகளே முதலில் ஊரை விட்டனர். சிலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போயினர். பின்னர் வடஆர்க்காட்டினின்று பலர் கோலார் தங்கவயலுக்கும் பெங்களூர்த் தண்டுக்கும் வந்தனர். அயோத்திதாச பண்டிதர் 1898இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம் தங்கவயல் மாரிகுப்பத்தில் வேரூன்றியது இவ்வாறு வந்த மக்களிடையேதான்.

இவ்வாறு அலைவது முற்பிறப்பின் பாவமென்று நமக்குச் சொல்லி வைத்தனர். பகவன் அவ்வாறு சொன்னாரில்லை. மோளிய சீவகன் என்னும் பரிவிராசகன் வினவியபோது, மனிதன் நுகரும் வேதனைக்குப் பித்தம், சிலேத்துமம், வாதம் முதலிய எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். பருவமாற்றம் அவற்றுள் ஒன்று, வினையும் ஒன்றே. எல்லாம் முன்வினைப் பயனென்போர் உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்றார். ஆகையால் மழை பொய்த்து வந்தவளைப் பாவியென்பது பௌத்தமன்று, அந்நியளென்பதும் பௌத்தமன்று.

வறட்சியுற்ற காஞ்சியில் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தினாள். பதினெட்டு மொழி பேசுவோர் அவளைச் சூழ்ந்தனர். எவ்வூர், எக்குலம் என்று அவள் எவரையும் வினவவில்லை. பசியை மட்டுமே கண்டாள்.

அன்பர்களே! நம்மிடம் அமுதசுரபி இல்லை. ஒரு தெருக்குழாய் இருக்கிறது. இனி அவ்வேலைக்காரர் குடமும் நம் குடங்களோடு வரிசையில் நிற்கட்டும். நீர் போதாதெனில் எல்லோர்க்கும் ஒரு குடம் குறையட்டும். பஞ்சசீலம் எடுத்த கையால் பிறர் குடத்தைத் தள்ளலாகாது.

பவது சப்ப மங்களம்.