டாட்ஜ் வைத்த தீ

பின்னால் துரத்தி வரும் நெருப்பிலிருந்து தப்ப, முன்னால் இருக்கும் புல்லுக்கு ஒருவர் நெருப்பு வைக்கிறார். வைத்துவிட்டு, கூட ஓடிவந்தவர்களைப் பார்த்து இதற்குள் வாருங்கள் என்கிறார். அவரை நம்புவதற்கு எனக்கு என்ன கடமை?

கேள்வி கற்பனையல்ல. 1949 ஆகஸ்ட் 5ஆம் தேதி, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மிஸ்ஸௌரி நதியில் போய் முடியும் மான் கல்ச் என்ற மலைப்பள்ளத்தில் இது நடந்தது. நெருப்பு வைத்தவர் வாக்னர் டாட்ஜ், வயது 33. அவருடைய ஆட்கள் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துக் காட்டுத்தீயை அணைக்கும் குழுவினர். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. கல்லூரி விடுமுறையில் வேலைக்கு வந்தவர்கள் பலர். அவரோடு சேர்த்துக் குதித்தவர்கள் 15 பேர், தரையில் வந்து சேர்ந்துகொண்ட காவலர் ஒருவர். இந்த 16 பேரில், அந்தத் தீ எரித்து முடித்த கரிந்த தரையில் இறங்கிப் படுத்தவர் டாட்ஜ் மட்டுமே. மற்றவர்கள் அவரைத் தாண்டி மேட்டை நோக்கி ஓடினார்கள். உச்சியிலிருந்த பாறைப் பிளவு ஒன்றில் நுழைந்து அப்பால் போய் இருவர் பிழைத்தார்கள். 13 பேர் இறந்தார்கள். இறந்தவர் ஒருவருடைய கைக்கடிகாரத்தின் முட்கள் ஆறு மணிக்கு நான்கு நிமிஷம் இருக்கையில் உருகி நின்றிருந்தன.

நார்மன் மக்லீன் எழுதிய ‘யங் மென் அண்ட் ஃபயர்’ என்ற புத்தகத்தின் வழியாகத்தான் எனக்கு இந்த விஷயம் வந்து சேர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்றவர். இளமையில் வன இலாகாவில் வேலை பார்த்தவர். தம் கடைசி வருஷங்களை இந்தச் சில நிமிஷங்களுக்குக் கொடுத்தார். 1990இல் அவர் இறந்தபோது புத்தகம் முடிந்திருக்கவில்லை; 1992இல்தான் வெளிவந்தது. நடந்ததை ஒரு ட்ராஜெடியாகப் பார்க்க அவர் விரும்பினார். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. ட்ராஜெடி என்று சொன்ன மறுகணம் இறந்தவர்களை மேடைமேல் ஏற்றிவிடுகிறோம். அவர்கள் வேலைக்கு வந்தவர்கள் என்பது மறந்துபோகிறது.

எனவே வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

தீயணைப்பு என்றதும் நமக்குச் சிவப்பு வண்டியும் மணியும் தண்ணீர்க் குழாயும் ஞாபகம் வரும். இவர்களிடம் இருக்கும் தண்ணீர் அநேகமாகக் குடிப்பதற்கு மட்டும்தான். தீயைச் சுற்றி ஒரு கோடு வெட்டுகிறார்கள். புல், சருகு, வேர், மட்கு எல்லாவற்றையும் கொத்திக் களைந்து வெறும் மண் தெரிகிறவரை. நெருப்புக்குத் தின்ன ஒன்றுமில்லாத ஒரு பாதை, அவ்வளவுதான். வரிசையாக நின்று ஒவ்வொருவனும் நாலு கொத்துக் கொத்திவிட்டு முன்னே நகர்கிறான். பின்னால் வருகிறவன் அதே இடத்தில் மேலும் நாலு கொத்து. கடைசி ஆள் கடந்த பிறகுதான் அது கோடாகிறது. இது நான் வெட்டியது என்று எவனும் எந்த அடியையும் சுட்டிக்காட்ட முடியாது. தீ அடங்கிய பின் இன்னும் அலுப்பான வேலை இருக்கிறது: சாம்பலைக் கிளறி, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் தொட்டுத் தொட்டு எங்கே சூடு பாக்கி என்று பார்ப்பது. தீ இல்லாத நாட்களில் கருவிகளைச் சாணை பிடிக்கிறார்கள், வேலி போடுகிறார்கள், பாதை வெட்டுகிறார்கள், பாராசூட் மடிக்கிறார்கள், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து கிழிசல் தைக்கிறார்கள். ஒருவன் மடித்ததைக் கட்டிக்கொண்டு இன்னொருவன் ஆகாயத்திலிருந்து குதிக்கிறான்.

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிப்பு ஏற்படுகிறது. மடித்தவனை நம்புகிறேன் என்று யாரும் பிரகடனம் செய்வதில்லை. நம்பிக்கை அங்கே ஓர் உணர்ச்சியாக இல்லை, பழக்கமாக இருக்கிறது. அவன் மடிப்பதை நூறு தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அவன் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன், அவன் எப்போது சோம்புவான், எப்போது சோம்ப மாட்டான் என்று தெரியும். இதற்குமேல் தத்துவம் தேவைப்படுவதில்லை.

மான் கல்ச்சில் இல்லாமல் போனது இதுதான். டாட்ஜ் கைவேலை தெரிந்தவர் என்பதால், அந்த வருஷம் அவரை முகாமின் பராமரிப்பு வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஆட்களோடு சேர்ந்து அவர் பயிற்சியில் இருக்கவில்லை. குதிப்பவர்களையும் சுழற்சிப் பட்டியலில் யார் பெயர் மேலே இருக்கிறதோ அந்த வரிசையில்தான் விமானத்தில் ஏற்றினார்கள். அதாவது அது ஒரு குழுவே அல்ல. ஒரே விமானத்தில் வந்தவர்கள். டாட்ஜ் பேச்சு குறைவானவர் வேறு.

மேலிருந்து பார்த்துவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்குள் அடங்கிவிடும் தீ என்று மனத்தில் முடிவு செய்திருந்தார்கள். இறங்கினார்கள். ரேடியோ அதன் பாராசூட் விரியாமல் விழுந்து நொறுங்கியது. சாப்பிட்டார்கள். ஒருவன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். பள்ளத்தின் வழியே கீழே நதியை நோக்கி நடக்கச் சொன்னார் டாட்ஜ். நதி முதுகுப்பக்கம் இருந்தால் பத்திரம். பாதி வழியில், தீ பள்ளத்தைத் தாண்டி அவர்களுக்கும் நதிக்கும் இடையே வந்துவிட்டதைக் கண்டார். திரும்பி மேலே ஏறச் சொன்னார். காரணம் சொல்ல நேரமில்லை. கொஞ்ச தூரம் போனதும் கருவிகளைக் கீழே போடச் சொன்னார். அப்புறம் நின்று தீக்குச்சியைக் கிழித்தார்.

சரிவில் நெருப்பு மேல்நோக்கி ஓடும். சுவாலை சரிவின்மேல் சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதால், ஏற ஏற அதன் வேகம் கூடுகிறது. மனிதனுடைய வேகம் ஏற ஏறக் குறைகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் புல்வெளித் தீயில் அகப்பட்டு இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மான் கல்ச்சில் புல் இடுப்பளவு உயரம்.

கருவிகளைப் போடச் சொன்னதை யோசித்துப் பாருங்கள். காலை முதல் நீ யார் என்று கேட்டால் கையிலிருக்கும் கொத்துக்கருவியைக் காட்டலாம். அதைப் போடு என்கிறார் மேலதிகாரி. போட்ட பிறகு அவன் தீயணைப்பவன் இல்லை, நெருப்புக்குப் பயந்து ஓடும் ஒருவன். ஓடுகிறவனுக்கு மேலதிகாரி ஏது? நிறுவனங்களைப் பற்றி எழுதும் கார்ல் வைக் 1993இல் ஒரு கட்டுரையில், தீ வந்து சேர்வதற்கு முன்பே அந்தக் குழு குழுவாக இல்லாமல் போய்விட்டது என்று வாதிட்டார். கருவியைப் போடச் சொன்ன ஆணையில்தான் அந்தக் கலைதல் தொடங்குகிறது என்று நான் வாசிக்கிறேன். ஆணை சரியானது. சரியான ஆணையே ஆணையிடும் உரிமையைக் கரைத்துவிட்டது. எந்த அறநூலும் இதற்கு இடம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

டாட்ஜுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்ததாகப் பிழைத்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அந்த நினைப்பில் நான் குறை காண மாட்டேன். நம் பத்திரிகைகளில் இந்த இடத்தைக் கீர்க்ககார்டின் பெயரை உச்சரிக்காமல் தாண்டுவது கஷ்டம், தாண்டிவிடலாம். ஆபிரகாமைக் கூப்பிட்டது கடவுள். இங்கே கூப்பிட்டவர் பராமரிப்பு வேலையிலிருந்து வந்த ஒரு மனிதர். அவரை மீறி ஓடிய இருவர் பிழைத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. கீழ்ப்படியாமை 13 பேரைக் கொன்றது என்று எழுதுகிற பேனா, அதே கீழ்ப்படியாமை இரண்டு பேரைக் காப்பாற்றியது என்றும் எழுதியாக வேண்டும்.

துப்பாக்கி இருந்திருந்தால்? இதுவும் கற்பனையல்ல. 1910 ஆகஸ்டில் இடாஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தபோது, எட் புலாஸ்கி என்ற வன அதிகாரி வாலஸ் ஊருக்கு அருகே ஏறக்குறைய 45 ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். வெளியே ஓட முயன்றவர்களை ரிவால்வரைக் காட்டி நிறுத்தினார். ஐந்து பேர் உள்ளேயே இறந்தார்கள், மீதிப்பேர் பிழைத்தார்கள். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் மண்கொத்தும் அலகு கொண்ட கருவிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. காட்டுத்தீயோடு போராடுகிறவர்கள் இன்றும் புலாஸ்கியைத்தான் தோளில் சுமக்கிறார்கள்.

புலாஸ்கி செய்தது சரியா? பிழைத்தவர்களைக் கேட்டால் சரி. உள்ளே மூச்சு முட்டி இறந்த ஐவரில் ஒருவன் வெளியே ஓடியிருந்தால் தப்பித்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. சுரங்கம் முழுவதும் புகையால் நிரம்பியிருந்தால் அதே ரிவால்வர் கொலைக்கருவியாகியிருக்கும். அவருடைய நியாயம் பலனிலிருந்து பின்னோக்கி வந்து சேர்ந்த நியாயம். டாட்ஜிடம் காரணம் இருந்தது, பலன் இல்லை. புலாஸ்கியிடம் பலன் இருந்தது. காரணம் என்று கையில் இருந்தது ஆறு தோட்டாக்கள். நான் எவன் பின்னால் போவேன் என்று கேட்டால், கூச்சத்தோடு, புலாஸ்கியின் பின்னால் என்றுதான் சொல்வேன். துப்பாக்கி முனையில் என் முடிவு என்னுடையதாக இருக்காது. அந்த அரை நிமிஷத்தில் அது எனக்கு ஒரு நிம்மதியாகவே இருக்கும். அந்த நிம்மதியைப் பற்றித்தான் பயம். காட்டுத்தீ இல்லாத இடங்களிலும் அதைக் காட்டி ஆட்களை உள்ளே தள்ளுகிறார்கள்.

ஒரு வேடிக்கை: டாட்ஜ் இப்படி ஒரு உத்தியை அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை என்று விசாரணையில் சொன்னார், அந்தக் கணத்தில் தர்க்கப்படி அதுதான் சரி என்று பட்டதாம். ஆனால் புல்வெளிகளில் வாழ்ந்த அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு அது பழைய சங்கதி. ஃபெனிமோர் கூப்பர் 1827இல் எழுதிய ‘தி ப்ரெய்ரி’ நாவலில்கூட வருகிறது. 15 பேரில் ஒருவனாவது அந்த நாவலைப் படித்து, ஞாபகமும் வைத்திருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. இலக்கியத்தின் பயன் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இதை இலவசமாகக் கொடுக்கிறேன். நான் அதை நம்பவில்லை. படித்தவனும் ஓடியிருப்பான்.

நம்மிடையே அடிக்கடி கேட்கும் ஒரு குரல் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. நான் உண்மையைச் சொன்னேன், எவனுக்கும் விளங்கவில்லை, குற்றம் அவர்களுடையது. இருநூறு பிரதி அச்சடித்து நூற்றைம்பதை வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் நாம் எல்லோரும் ஒருதரமாவது இதைச் சொல்லியிருக்கிறோம், நானும்தான். டாட்ஜ் அப்படிச் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை. இறந்த இளைஞன் ஒருவனுடைய தகப்பனார், அவரும் வன இலாகாவில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்றவர், டாட்ஜ் வைத்த தீதான் பையன்களின் வழியை அடைத்துக் கொன்றது என்று குற்றம் சாட்டினார். இலாகாவின் விசாரணை டாட்ஜின் பக்கம் நின்றது. காட்டுத்தீயை ஆராய்கிறவர்கள் பல வருஷங்களுக்குப் பின் கணக்கிட்டுப் பார்த்து, கொன்றது பெருந்தீதான் என்ற பக்கமே சாய்ந்தார்கள். அதற்குள் டாட்ஜ் இல்லை. 1955இல் நோயில் இறந்துபோனார். சரியாக இருந்தும் தனியாக இருந்த குற்றத்துக்கு எந்த விசாரணைக் குழுவும் தண்டனையோ விடுதலையோ தர முடியாது. நம்பும்படியாக அவர்களோடு வாழ்ந்திருக்க வேண்டியது ஜூன் மாதத்தில். ஜூனில் அவரை வேறு வேலைக்கு அனுப்பியது ஒரு காகிதம்.

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை சௌகரியமாக முடிந்துவிடும்: சேர்ந்து சமைத்து, சேர்ந்து மண் கொத்தியவர்கள் ஒருவரையொருவர் நம்பிப் பிழைப்பார்கள் என்று. பிழைக்கலாம். ஆனால் 2013 ஜூன் 30 இருக்கிறது. அரிசோனாவில் யார்னெல் என்ற ஊருக்கு அருகே, கிரானைட் மௌன்டன் குழுவினர். இவர்கள் பட்டியலிலிருந்து பொறுக்கியவர்கள் அல்ல. ஒன்றாகவே பயிற்சி செய்தவர்கள், ஒன்றாகவே உழைத்தவர்கள். அன்று பிற்பகல் அவர்கள் எரிந்து முடிந்த கரிந்த தரையில், பத்திரமாக, நின்றிருந்தார்கள். டாட்ஜ் கூப்பிட்ட அதே மாதிரித் தரை. அங்கிருந்து கிளம்பி, எரியாத புதர் அடர்ந்த ஒரு பள்ளத்தின் வழியே, கீழே தெரிந்த பண்ணைவீட்டை நோக்கி இறங்கினார்கள். இடிமேகக் காற்று திசை மாறியது. 19 பேரும் ஒரே இடத்தில் இறந்தார்கள். வேறிடத்தில் கண்காணிப்புக்கு நின்றிருந்த ஒருவர் மட்டும் மிஞ்சினார்.

ஏன் இறங்கினார்கள் என்பது இன்றுவரை தெரியாது. இறங்க வேண்டாம் என்று அவர்களில் ஒருவனுக்காவது தோன்றியிருக்குமா, தோன்றியும் மற்ற பதினெட்டுப் பேரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தானா என்பதும் தெரியாது. ஒருவன்கூடப் பிரிந்து ஓடவில்லை.