வயதும் வணக்கமும்

மனிதர் இருவர் சந்திக்கும்போது முதலில் எழும் சொல் மிகச் சிறியது. அதனைச் சொல்லி முடிக்க ஒரு நொடி போதும். எனினும், சொல்கின்றவர் தம்மை யாராகக் கருதுகின்றார், எதிரில் நிற்பவரை எவ்வாறு மதிக்கின்றார் என்னும் இரண்டும் அந்த ஒரு நொடிக்குள் வெளிப்பட்டுவிடுகின்றன. நீண்ட உரையில் மறைக்கக்கூடிய மனத்தை ஒரு சொல் வணக்கத்தில் மறைக்க முடிவதில்லை.

லண்டன் நகரில் வாழும் எழுபத்தைந்து வயதான ஆங்கிலேயர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ‘குட் மார்னிங்’ என்று சொல்லியே வளர்ந்தவர். வகுப்பில் நுழையும்போதெல்லாம் அதையே கேட்டுப் பழகியவர். இன்று அவர் தெருவில் இறங்கினால், கடையில் நிற்கும் இளம்பெண் ‘ஹையா’ என்கின்றாள். பேருந்து ஓட்டுநர் ‘ஆல் ரைட், மேட்?’ என்கின்றார். வீடு திரும்பினால் பேரன் ‘ஹே’ என்று ஒற்றை எழுத்தில் முடித்துக்கொள்கின்றான். அவர் எப்படி மறுமொழி கூறுவது? பழைய சொல்லைச் சொன்னால் விறைப்பானவர் என்று எண்ணுவார்களோ என்னும் தயக்கம். புதிய சொல்லைச் சொன்னால் இந்த வயதில் இது தேவையா என்று நகைப்பார்களோ என்னும் கூச்சம்.

இது சிறிய சங்கடந்தான். ஆயினும் இதற்குள் ஒரு பெரிய வினா அடங்கியிருக்கின்றது. மரியாதை சொல்லில் இருக்கின்றதா? சொல்பவரின் வயதில் இருக்கின்றதா? அல்லது இருவருக்கும் இடையே உள்ள உறவில் இருக்கின்றதா?

சொல்லும் பொருளும்

வணக்கச் சொற்களுக்கு அகராதிப் பொருள் தேடுவது வீண் வேலை. பழைய தலைமுறை ஆங்கிலேயர் முதன்முறை அறிமுகமாகும்போது ‘ஹௌ டு யூ டு?’ என்பர். சொல்லளவில் இது நலம் கேட்கும் வினா. ஆனால் இதற்கு மரபான விடை, இதே வினாவைத் திருப்பிச் சொல்வதுதான்! இன்றைய ‘ஆல் ரைட்?’ என்பதும் அத்தகையதே. அதைக் கேட்டுத் தம் முதுகுவலியைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்கும் அயல்நாட்டார், ஆங்கிலேயரைத் திகைக்க வைக்கின்றார். ‘ஆல் ரைட்’ என்று அதையே திருப்பிச் சொல்லிவிட்டு நடப்பதே அங்குள்ள வழக்கம்.

மானிடவியல் அறிஞர் மலினோவ்ஸ்கி, 1923ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் இத்தகைய பேச்சினை ஆராய்ந்தார். செய்தியைச் சொல்வதற்கன்றி, உறவினைக் கட்டுவதற்காகவே பேசப்படும் பேச்சு உண்டு என்று அவர் காட்டினார். கதவைத் தட்டும் ஓசைக்குப் பொருள் இல்லை. ஆனால் பயன் உண்டு. வணக்கமும் அவ்வாறே.

இன்று கண்ணியமானவை என்று கருதப்படும் சொற்களின் பிறப்பைப் பார்த்தாலும் வியப்பே மிஞ்சும். ‘ஹலோ’ என்பது தொடக்கத்தில் வணக்கமே அன்று. தொலைவில் இருப்பவரைக் கூவி அழைக்கவும், வியப்பினைக் காட்டவும் பயன்பட்ட கூச்சல் அது. தொலைபேசி வந்தபோது எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்னும் கேள்வி எழுந்தது. அலெக்சாண்டர் கிரகாம் பெல், கப்பலோட்டிகளின் ‘அஹாய்’ என்னும் அழைப்பை விரும்பினார். தாமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டில் ‘ஹலோ’ என்பதைப் பரிந்துரைத்தார். எடிசனின் சொல்லே வென்றது. நேற்றைய கூச்சல் இன்றைய நாகரிகமாயிற்று. மறுபுறம், இன்று எவரும் எண்ணிப் பாராமல் சொல்லிப் பிரியும் ‘குட் பை’, ‘இறைவன் உம்மோடு இருப்பாராக’ என்னும் வாழ்த்துத் தொடர் தேய்ந்து சுருங்கியதன் விளைவு.

ஆகவே, ஒரு சொல் புதியது என்பதனாலேயே அது தாழ்ந்ததும் அன்று. பழையது என்பதனாலேயே அது உயர்ந்ததும் அன்று. இக்கால இளைஞரின் வணக்கத்தைப் பண்பாட்டின் சிதைவு என்று பழிப்போர் இந்த உண்மையை நினைவிற்கொள்வது நல்லது.

வயதில்லாத சொற்கள்

ஒருவகைச் சொற்கள் வயது என்னும் வினாவையே எழுப்புவதில்லை. அவை ஊர்ச்சொற்கள்.

டெர்பிஷயர், நாட்டிங்காம்ஷயர் வட்டாரங்களில் ‘ஏ அப், மீ டக்’ என்பது தெருவில் கேட்கும் வணக்கம். ‘டக்’ என்பது வாத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கும். ஆயினும் அங்கே அஃது அன்புச் சொல். கிழவர் குழந்தையை அவ்வாறு அழைப்பார். இளைஞன் கிழவியை அவ்வாறு அழைப்பான். எவரும் குறை காண்பதில்லை. யார்க்ஷயரில் பேருந்து ஓட்டுநர் ஆண் பெண் வேறுபாடின்றிப் பயணிகளை ‘லவ்’ என்று விளிப்பதுண்டு. நியூகாசில் பக்கம் ‘பெட்’ என்பர். கிளாஸ்கோ நகரில் பெண்களைக் ‘ஹென்’ என்பர். தென்னிங்கிலாந்தார் காதுக்கு இளமை மணக்கும் ‘ஹையா’ கூட, லங்காஷயர்ப் பாட்டிமார் நாவில் இயல்பாகப் புழங்கும் சொல்தான்.

தமிழ் அறிந்தவர்களுக்கு இது புரியாத மரபன்று. முன்பின் அறியாதவரை ‘அண்ணே’ என்றும் ‘அக்கா’ என்றும் அழைப்பதில் எந்த உரிமை இருக்கின்றதோ, அந்த உரிமைதான் யார்க்ஷயர்க்காரரின் ‘லவ்’ என்னும் சொல்லிலும் இருக்கின்றது. ‘நீரும் இவ்வூரார், யானும் இவ்வூரான்’ என்பதே அதன் உட்பொருள். ஊர் முழுவதற்கும் பொதுவான சொல்லில் எவரும் எவரையும் தாழ்த்த இயலாது. ஏனெனில் அச்சொல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவதோடு நிற்பதில்லை. அதே உரிமையோடு திரும்பியும் வருகின்றது.

இரவல் இளமை

இதற்கு மாறாக, ஒரு குழுவின் அடையாளச் சின்னமாக விளங்கும் சொற்களும் உண்டு. ஒரு தலைமுறை தன்னை முன்னைய தலைமுறையிலிருந்து பிரித்துக் காட்டவே சில சொற்களைத் தேர்ந்துகொள்கின்றது. அத்தகைய சொல்லை அக்குழுவைச் சேராத ஒருவர் எடுத்தாளும்போதுதான் ‘இது இவர் வயதுக்குப் பொருந்துமா?’ என்னும் கேள்வி எழுகின்றது.

லண்டன் இளைஞரிடையே ‘வாக்வான்’ என்றொரு வணக்கம் வழங்குகின்றது. ‘என்ன நடக்கின்றது?’ என்பது அதன் பொருள். அறுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர், மாணவரிடம் நெருங்க விரும்பி, ஒரு நாள் வகுப்பில் நுழைந்து ‘வாக்வான்’ என்று சொன்னால் என்ன நிகழும்? மாணவர் சிரிப்பர். அது மகிழ்ச்சிச் சிரிப்பாக இராது. தம் வீட்டிற்குள் அழையாமல் நுழைந்தவரைக் கண்டு சிரிக்கும் சிரிப்பாகவே இருக்கும்.

ஆனால் அச்சொல் இளைஞர் படைத்த சொல் அன்று. அது ஜமைக்கா நாட்டுப் பேச்சுவழக்கு. 1948ஆம் ஆண்டில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. அதனைத் தொடர்ந்து மேலும் பல்லாயிரவர் வந்து குடியேறினர். அவர்தம் நாவில் வந்த சொற்களுள் இதுவும் ஒன்று. எனவே, பிரிக்ஸ்டன் தெருவில் எண்பது வயது ஜமைக்காப் பெரியவர் ஒருவர் தம் நண்பரைப் பார்த்து இதனைச் சொன்னால் எவரும் சிரிப்பதில்லை. பேரனிடமிருந்து அவர் அதைக் கடன் வாங்கவில்லை. பேரன்தான் அவரிடமிருந்து பெற்றான்.

ஒரே சொல், இருவரும் முதியவர். ஒருவர் வாயில் இயல்பு. மற்றவர் வாயில் வேடம். அவ்வாறாயின் குற்றம் வயதில் இல்லை என்பது தெளிவு. வாழ்ந்து பெற்ற சொல் எந்த வயதிலும் பொருந்தும். இளமையாகத் தோன்ற வேண்டி இரவல் வாங்கிய சொல் எந்த வயதிலும் பொருந்தாது. முப்பது வயதினன் பதினைந்து வயதினன்போல் பேசினாலும் அது வேடந்தான்.

தொப்பியும் ஒருமையும்

இதுவரை கூறியது, சொல்பவர் தம்மைக் காட்டிக்கொள்ளும் முறை பற்றியது. கேட்பவரை மதிக்கும் முறை பற்றியதே ஆழமான வினா.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் என்னும் வேறுபாடு இருந்தது. ‘தௌ’ என்பது ஒருமை. ‘யூ’ என்பது பன்மை. பெரியோரை ஒருவராயினும் ‘யூ’ என்றே அழைத்தனர். பணியாளரையும் நெருங்கியவரையும் ‘தௌ’ என்றனர். 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைத் தலைவராகக் கொண்டு எழுந்த ‘குவேக்கர்’ சமயத்தார் இம்முறையை எதிர்த்தனர். இறைவன் முன் அனைவரும் சமம் என்றனர். எனவே நீதிபதியாயினும் பிரபுவாயினும் ‘தௌ’ என்றே அழைத்தனர். எவர் முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். அதற்காக ஏசப்பட்டனர், அடிக்கப்பட்டனர், சிறையும் சென்றனர். தாமஸ் எல்வுட் என்னும் இளைஞர், தந்தையின் முன் தொப்பியைக் கழற்றாமல் நின்றதற்கும், அவரை ஒருமையில் அழைத்ததற்கும் அவர் கையால் அடிபட்டதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்துள்ளார்.

வரலாறு பின்னர் ஒரு விந்தை புரிந்தது. குவேக்கர்கள் எல்லோரையும் ‘நீ’ என்று சொல்லிச் சமமாக்க முயன்றனர். ஆங்கில மொழியோ எல்லோரையும் ‘நீங்கள்’ என்று சொல்லிச் சமமாக்கிவிட்டது. பொதுவழக்கில் ‘தௌ’ மறைந்தது, ‘யூ’ நிலைத்தது. அன்று முதல், தமிழர் ‘நீங்கள்’ என்னும் ஒரு சொல்லால் செய்துவிடும் வேலையை, ஆங்கிலேயர் பெயராலும் பட்டத்தாலும் வணக்கத்தாலும் செய்ய வேண்டியதாயிற்று. ‘குட் மார்னிங்’ என்பதற்கும் ‘ஹையா’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு அவர்களுக்கு ஏன் இத்தனை பெரிதாகத் தோன்றுகின்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மரியாதைச் சொற்களைக் கைவிடுவது சமத்துவத்தின் வளர்ச்சியே என்று இன்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் குவேக்கர் செய்தது என்ன? அவர்கள் தம்மினும் வலியவரை நோக்கி மரியாதைச் சொல்லைக் கைவிட்டனர். அதற்குரிய விலையைத் தாமே கொடுத்தனர். அது வீரம். தம்மினும் மெலிந்தவரை நோக்கி அதே சொல்லைக் கைவிடும்போது, விலை கொடுப்பவர் யார்?

கட்டிலில் கிடப்பவர்

இந்த வினாவை மருத்துவமனைக் கட்டிலருகே நின்று கேட்டால் அதன் கூர்மை விளங்கும். எண்பத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் நோயுற்றுக் கிடக்கின்றார் என்று கொள்ளலாம். நாற்பது ஆண்டுகள் ஒரு பள்ளியை நடத்தியவர். அறிமுகமில்லாத இளைஞர் ஒருவர் வந்து, முதற்பெயரைச் சொல்லியோ ‘டியர்’ என்றோ விளித்து, குழந்தையிடம் பேசும் குரலில் நலம் கேட்கின்றார். அவருக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. ஆயினும் அம்மூதாட்டி அதே உரிமையோடு திருப்பிச் சொல்ல இயலாது. தெருவில் இருவழியாகச் சென்ற அன்புச் சொல், இங்கே ஒருவழியாகிவிடுகின்றது.

இந்தக் குறையை அந்நாட்டவரே உணர்ந்துள்ளனர். முதியோர் பராமரிப்பில் கண்ணியம் குறித்து ஆராய, ‘ஏஜ் யூகே’ என்னும் முதியோர் நல அமைப்பும், தேசிய மருத்துவச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பும், உள்ளாட்சிச் சங்கமும் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தன. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் அறிக்கை, முதியோரைத் தாழ்த்தும் பேச்சுக்கு இடந்தரலாகாது என்று வலியுறுத்தியது.

அடுத்த ஆண்டே மற்றொரு குரலும் எழுந்தது. கேட் கிரேஞ்சர் என்பவர் முதியோர் மருத்துவத்துறையில் பணியாற்றிய இளம் மருத்துவர். புற்றுநோயால் தாமே நோயாளியாகிக் கட்டிலில் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். தம்மைத் தொட்டுப் பார்த்தவர்களுள் பலர் தம் பெயரைக்கூடச் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டில் அவர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ‘ஹலோ, என் பெயர் இன்னது’ என்பதே அதன் முழக்கம். 2016ஆம் ஆண்டில், 34ஆம் வயதில் அவர் மறைந்தார். இயக்கம் பிற நாடுகளுக்கும் பரவியது.

அவர் கேட்டது பழைய காலத்துப் பணிவன்று. ‘ஹலோ’ என்னும் எளிய சொல்லையே அவர் தேர்ந்தார். அச்சொல்லோடு சொல்பவர் தம் பெயரையும் சேர்த்து வைக்கின்றார். அதனால் நோயாளியும் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமையைப் பெறுகின்றார். ஒருவழிப் பாதை மீண்டும் இருவழியாகின்றது. ‘தங்களை எவ்வாறு அழைக்கலாம்?’ என்று கேட்டுவிட்டால் அப்பாதை முழுமையடைகின்றது. எத்தகைய எளிய வணக்கத்தைச் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை சொல்பவருக்கு உண்டு. மற்றவரை எப்பெயரால் அழைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை, அப்பெயருக்குரியவருக்கே உண்டு.

இனி அந்த ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் திரும்பலாம். ‘ஹையா’ என்னும் கடைக்காரப் பெண்ணுக்கு அவர் முகமலர்ந்து ‘குட் மார்னிங்’ என்றே சொல்லலாம். அதில் விறைப்பு இராது. அஃது அவர் வாழ்ந்து பெற்ற சொல். நாளடைவில் ‘ஹையா’ என்பது தாமாகவே அவர் நாவில் வந்துவிட்டால் அதனைத் தடுக்க வேண்டுவதும் இல்லை. பேரனின் ‘ஹே’ அவமதிப்பாகாது. அவன் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொல்கின்றானா என்பதே பார்க்கத் தக்கது.

திருக்குறளில் ‘இனியவை கூறல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. இனிமை சொல்லின் நீளத்தில் இல்லை, பழமையிலும் இல்லை, சொல்பவரின் வயதிலும் இல்லை. தான் சொன்ன அதே உரிமையோடு தனக்குத் திருப்பிச் சொல்லப்படுவதை எவன் மகிழ்ந்து ஏற்பானோ, அவன் வாயில் எந்த வணக்கமும் பொருந்தும். அதனை ஏற்க மனமில்லாதவன் வாயில், மிக உயர்ந்த வணக்கமும் பொருந்தாது.